பேஸ் கிட்டாரும் இஞ்சி சோடாவும்

கச்சேரி ஆரம்பமாவதற்கு முன்னால் மேடைக்குப் பின்புறத்து அறையில் நடக்கும் சம்பாஷணையை நேயர்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்களோ, தெரியாது. கேளாதவர்கள் அவசியம் ஒரு தடவை கேட்க வேண்டும். அங்கே ராக பாவத்தைப் பற்றியோ, சாகித்யத்தின் உயர்வைப் பற்றியோ ஒருவரும் மூச்சு விடுவதில்லை. "இந்த ரவை உதவாது, தொப்பியில் ஒட்டமாட்டேன் என்கிறது" என்பார் மிருதங்க வித்வான். "இந்தத் தந்தியை எவன் செய்தான்?" என்பார் பிடில் வித்வான். தம்புராக்காரரோ ஒரு சாண் நூலை வைத்துக்கொண்டு, குதிரையின் மேல் அதை அரை நெல்லளவு முன்னும் பின்னும் நகர்த்தியபடி மோன நிலையில் இருப்பார். இவ்வளவுக்கும் நடுவே, "காபி எந்த ஹோட்டலிலிருந்து வருகிறது?" என்ற மகத்தான கேள்வியும் எழும்.

வாத்தியம், நாதம், பாட்டு, பானம் - இந்த நாலு விஷயத்தைத் தவிர வாத்தியக்காரர்களுக்கு ஐந்தாவது விஷயம் கிடையாது. நம் நாட்டு வித்வான்களுக்கே உரிய குணம் இது என்று நான் வெகு காலம் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் தவறு என்பது அமெரிக்காவில், டெட்ராய்ட் நகரத்துக்கு அருகில், ஒரு வீட்டு நிலவறையில் வைத்து எனக்குத் தெரிய வந்தது.

* * *

டெட்ராய்ட் மோட்டார் வண்டிகளுக்குப் பெயர் போன ஊர். என் அக்காள் பிள்ளை அங்கே மோட்டார் என்ஜினியராக உத்தியோகம் பார்க்கிறான். அவனிடம் ஒரு மாதம் தங்கப் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், தரைக்கு அடியிலிருந்து யாரோ மெதுவாக உலக்கை குத்துவது போன்ற ஓசை வந்தது. சுவரில் மாட்டியிருந்த படம் லேசாக அதிர்ந்தது.

"பூகம்பமா, அப்பா?" என்று கேட்டேன்.

"இல்லை, மாமா. பக்கத்து வீட்டுக்காரர் பேஸ் கிட்டார் வாசிக்கிறார். சனிக்கிழமைதோறும் அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேர் வருவார்கள். மூன்று பேரும் பேஸ் கிட்டார்க்காரர்கள்தான். நீங்கள் சங்கீத ரசிகராயிற்றே, வாருங்கள், போய்ப் பார்க்கலாம்" என்றான்.

மூன்று பேரும் ஒரே வாத்தியமா! நம் ஊரில் மூன்று கடம் வித்வான்கள் வாரந்தோறும் ஒரே அறையில் கூடினால் முடிவு என்னவாகும் என்று யோசித்துக்கொண்டே அவன் பின்னால் படியிறங்கினேன்.

வீட்டுக்காரர் பள்ளிக்கூட ஆசிரியர். இரண்டாமவர் மோட்டார்த் தொழிற்சாலையில் மேஸ்திரி. மூன்றாமவர் தச்சு வேலை செய்பவர், எல்லாரிலும் வயதானவர், மூலையில் ஒரு முக்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். சுவர் முழுவதும் கிட்டார்கள் தொங்கின. ஒரு மேஜையில் தந்திச் சுருள்களும், திருப்புளிகளும், பஞ்சுப் பாளங்களும் கிடந்தன. மற்றொரு மேஜையில் பீர்ப் புட்டிகளும், விஸ்கியும், மஞ்சளும் பச்சையுமாய்க் காகிதம் ஒட்டிய இஞ்சி சோடாவும் இருந்தன.

* * *

பேஸ் கிட்டார் என்பது இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மேனாட்டு வாத்தியக் கோஷ்டிகளில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் ஒரு ராக்ஷஸப் பிடிலைப் பார்த்திருப்பீர்கள். டபிள் பேஸ் என்று அதற்குப் பெயர். கோஷ்டிக்கு அஸ்திவாரமாக நிற்பது அதுதான். ஆனால் நடனக் கொட்டகைகளில் முரசும் எக்காளமும் முழங்கும்போது பாவம், அதன் குரல் எடுபடாது. ஊருக்கு ஊர் அதைத் தூக்கிச் செல்வதும் பெரும்பாடு. மெட்டுக்கள் இல்லாததால், விரல் கொஞ்சம் விலகினாலும் சுருதி போய்விடும்.

இந்தக் கஷ்டங்களுக்கெல்லாம் ஒரு முடிவு கட்டியவர் லியோ பெண்டர். கலிபோர்னியாவில் புல்லர்ட்டன் என்னும் ஊரில் ரேடியோ ரிப்பேர் செய்து வந்த அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது என்பது ஒரு வேடிக்கை. 1930-களிலேயே சியாட்டில் நகரத்தில் பால் டட்மார்க் என்பவர் இப்படி ஒரு மின்சாரப் பேஸ் செய்து விற்றதுண்டு, அது எடுபடவில்லை. 1951-ல் பெண்டர் கம்பெனி வெளியிட்ட வாத்தியமோ உலகத்தையே பிடித்துக்கொண்டது. தோளில் மாட்டிக்கொள்ளலாம், இருபது மெட்டுக்கள், நாலு தந்திகள், தந்தியின் நீளம் முப்பத்து நாலு அங்குலம். மெட்டுக்களின் புண்ணியத்தால் சுருதி பிசகாது என்பதனால், 'பிரிஸிஷன்' - அதாவது 'துல்லியம்' - என்றே அதற்குப் பெயரிட்டார்கள்.

எஃகுத் தந்திக்குக் கீழே ஒரு காந்தம். காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுக்களாக மெல்லிய செப்புக் கம்பி. தந்தி அசைந்தால் கம்பியில் மின்சாரம் அசைகிறது. ஆம்பிளிபயர் அதைப் பெருக்கி ஒலியாக்குகிறது. சூட்சுமம் அவ்வளவுதான்.

அதன் தடித்த தந்தி வினாடிக்குச் சுமார் 41 தடவை அதிர்கிறது. நம் கணக்கில் சொன்னால், ஒரு கட்டை சுருதியில் பாடும் புருஷருடைய தம்புராவில் மந்தர ஷட்ஜம் சுமார் 65. ஆகவே இந்தத் தந்தி அதற்கும் கீழே இறங்கி, அநுமந்தர ஸ்தாயியில் அந்தர காந்தாரத்தில் நிற்கிறது! அங்கே காதால் கேட்பது பாதி. நெஞ்சாலும் காலாலும் கேட்பது பாதி. படம் அதிர்ந்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

* * *

நாங்கள் போய் உட்கார்ந்தபோது தந்தியைப் பற்றி வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. பேஸ் தந்தி என்பது உள்ளே ஒரு எஃகுக் கம்பியும், அதன் மேல் சுற்றிய மற்றொரு கம்பியுமாக இருக்கும். மேலே சுற்றுவது உருண்டைக் கம்பியானால் நாதம் பளீரென்று மணி போல் கிளம்பும்; விரல் நகரும்போது 'கீச்'சென்ற சத்தமும் வரும். தட்டையான நாடாவைச் சுற்றினால் தந்தி வழவழவென்றிருக்கும். நாதம் மிருதுவாக, ஒரு 'தும்' என்று எழுந்து அடங்கிவிடும். மேஸ்திரி உருண்டைக் கட்சி. ஆசிரியர் தட்டைக் கட்சி. நம் நாட்டில் வடகலை தென்கலை விவகாரம் எவ்வளவு காரமாக நடக்குமோ, அவ்வளவு காரமாக நடந்தது.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை தந்தி மாற்றுவீர்கள்?" என்று கேட்டேன்.

"மாதம் ஒரு முறை" என்றார் மேஸ்திரி.

"அறுந்தால்" என்றார் ஆசிரியர்.

அடுத்தது பஞ்சு விவகாரம். ஆசிரியர் தம்முடைய கிட்டாரில் குதிரைக்கருகில் தந்திகளுக்கு அடியில் ஒரு துண்டுப் பஞ்சை அடைத்து வைத்திருந்தார். எனக்கு வியப்பாயிருந்தது. நாம் தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே நூலை வைத்து ஜீவாளி பிடிப்பது, நாதம் ரீங்காரமிட்டு நீண்டுகொண்டே போக வேண்டும் என்பதற்காக. இவர் அதே இடத்தில் பஞ்சை வைத்து நாதத்தை அமுக்குகிறார். நூல் செய்வதற்கு நேர் விரோதமான காரியம் பஞ்சு செய்கிறது!

பிறகு திருகுகளைப் பற்றிப் பேச்சு. கிட்டாரின் முகப்பில் ஒரு திருகு சத்தத்துக்கு. மற்றொன்று நாதத்தின் நிறத்துக்கு. இரண்டாவதைத் திருப்பினால், உள்ளேயிருக்கும் மிளகளவு 'கண்டென்ஸர்' ஒன்று மேல் ஒலிகளை மட்டும் பிரித்துப் பூமிக்கு அனுப்பிவிடுகிறது; கீழ் ஒலிகள் மாத்திரம் மிஞ்சுகின்றன. மேஸ்திரி அந்தக் கண்டென்ஸரை நாலு தினுசு மாற்றிப் பார்த்திருக்கிறார். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். என் காதில் நாலும் ஒன்றாகவே விழுந்தன. "பேஷ்! மூன்றாவது அபாரம்!" என்று சொல்லி வைத்தேன். அவர் அகமகிழ்ந்து போனார்.

ஆம்பிளிபயர் புராணத்துக்கு எல்லை இல்லை. 'ஆம்ப்பெக்' என்ற பெயரின் கதையை ஆசிரியர் சொன்னார். 1940-களில் ஒருவர் டபிள் பேஸை நிறுத்தும் கீழ்முளைக்குள் ஒரு மைக்கை வைத்து ஒலியைப் பெருக்கினாராம். 'ஆம்பிளிபை செய்த பெக்' - அதாவது முளை - என்பதே ஆம்ப்பெக் ஆயிற்று. அந்தக் கம்பெனி 1969-ல் வெளியிட்ட ஒரு ராக்ஷஸப் பெட்டி முந்நூறு வாட் சக்தியுள்ளது. அதன் ஸ்பீக்கர் அலமாரியைத் தூக்குவதற்கு இரண்டு மூன்று பேர் வேண்டும். இன்றோ அதைவிட அதிக சக்தியுள்ள ஆம்பிளிபயரைத் தோள் பையில் போட்டுக்கொண்டு போகலாம். "ஆனால் அந்த நாதம் வருமா?" என்று மேஸ்திரி பெருமூச்சு விட்டார். முதுகு வலியைச் சங்கீதத்தின் ஓர் அங்கமாக மதிக்கும் மனிதர் அவர்.

இவ்வளவு நேரமும் தச்சர் ஒன்றும் பேசவில்லை. இஞ்சி சோடாவை உறிஞ்சிக்கொண்டு சிரித்த முகமாயிருந்தார்.

* * *

எனக்குக் குடிக்க என்ன வேண்டும் என்று ஆசிரியர் கேட்டார். நான் தச்சருடைய கையிலிருந்ததைச் சுட்டிக் காட்டினேன். வெர்னர்ஸ் என்று பெயர். 1866-லிருந்து டெட்ராய்டின் சொந்தப் பானம். முதல் வாய்க்கே மூக்கில் ஏறித் தும்மல் வந்துவிட்டது. "புதிதாகக் குடிக்கிறவர்கள் எல்லாரும் தும்முவார்கள்" என்று தச்சர் முதல் தடவையாக வாய் திறந்தார்.

பேச்சு பானத்துக்குத் திரும்பிற்று. அமெரிக்கா தேசம் முழுவதும் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு அமலில் இருந்ததல்லவா? அந்தக் காலத்தில் எதிர்க்கரையிலுள்ள கானடாவிலிருந்து டெட்ராய்ட் ஆற்றைக் கடந்து சரக்கு வந்த வீரப் பிரதாபங்களை மேஸ்திரி வர்ணித்தார். பிறகு கையிலிருந்த கிளாஸை உயர்த்தி, "ஜேமர்ஸனுக்கு!" என்றார்.

ஜேம்ஸ் ஜேமர்ஸன் என்பவரைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதில் ஆச்சரியமில்லை, அவருடைய வாசிப்பைக் கேட்டு நடனமாடிய கோடிக்கணக்கான அமெரிக்கர்களும் வெகு காலம் அவருடைய பெயரைக் கேள்விப்படாமலேதான் இருந்தார்கள். 1936-ல் தென் கரோலினாவில் பிறந்த நீக்ரோவர் என்று அக்காலத்தில் எழுதுவார்கள். கறுப்பினத்தவர் என்று இன்று சொல்கிறோம். இளம் பிராயத்தில் டெட்ராய்டுக்கு வந்து டபிள் பேஸ் கற்றார். அந்த ஊரில் 1959-ல் பெர்ரி கார்டி என்பவர், குடும்பத்தாரிடம் எண்ணூறு டாலர் கடன் வாங்கி ஓர் இசைத்தட்டுக் கம்பெனி ஆரம்பித்தார். அதுதான் உலகப் பிரசித்தி பெற்ற மோட்டவுன். அதன் பாட்டுக்களுக்கு அஸ்திவாரம் போட்டவர் ஜேமர்ஸன். அமெரிக்க ஜாபிதாவில் முதல் ஸ்தானம் பெற்ற இருபதுக்கு மேற்பட்ட பாட்டுக்களில் அவருடைய பேஸ் ஒலிக்கிறது.

அவருடைய வாத்தியம் 1962-ம் வருஷத்துப் பிரிஸிஷன். தடித்த தட்டைத் தந்திகள்; அறுந்தாலொழிய மாற்றமாட்டார். குதிரைக்கருகில் பஞ்சு. ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே மீட்டுவார். அந்த விரலுக்குச் சகாக்கள் 'கொக்கி' என்று பட்டப்பெயர் கொடுத்திருந்தார்கள்.

"1970-ல் மார்வின் கே தம்முடைய மகத்தான பாட்டை ஒலிப்பதிவு செய்ய வேண்டிய இரவு. ஜேமர்ஸனைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தபோது அவரால் முக்காலியில் உட்கார முடியவில்லையாம். தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டே வாசித்தாராம். அந்த வாசிப்பை இன்று வரையில் ஒருவர் மிஞ்சவில்லை! குடித்தால் இப்படியல்லவா குடிக்க வேண்டும்?" என்றார் மேஸ்திரி.

இந்தக் கதை வெகு காலமாய் வழங்கி வருகிறது என்று ஆசிரியர் எனக்கு விளக்கினார். மோட்டவுன் பெரிய தட்டு ஒன்றின் உறையில் ஜேமர்ஸன் முதலியோரின் பெயர்கள் வாத்தியக்காரர்கள் என்று அச்சேறியதும் அந்தத் தட்டில்தானாம். அதற்கு முன் பத்து வருஷ காலம் பாடகரின் பெயர் உண்டு, படம் உண்டு, பின்னால் வாசித்தவர்களின் பெயர் மாத்திரம் கிடையாது.

தச்சர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அது 1970. அப்புறம் 1983-ஐப் பற்றியும் ஐயாவுக்குச் சொல்லு" என்றார்.

அறையில் சற்று நேரம் மௌனம் நிலவிற்று.

1972-ல் மோட்டவுன் கம்பெனி லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. ஜேமர்ஸனும் பின்னோடு போனார். அங்கே காலம் மாறிவிட்டது. புது மாதிரித் தந்திகள், புது மாதிரி வாசிப்பு. அவரோ தந்தியைக் கூட மாற்றாதவர். குடி மாத்திரம் வளர்ந்தது, கை தளர்ந்தது, அழைப்புக்கள் குறைந்தன. 1983 மார்ச்சு மாதம் 25-ந் தேதி மோட்டவுனின் இருபத்தைந்தாவது ஆண்டு விழா நடந்தது. மைக்கேல் ஜாக்ஸன் பின்புறமாக வழுக்கி நடந்து உலகத்தையே பிரமிக்க வைத்தது அந்த மேடையில்தான். அந்தக் கம்பெனியின் பாட்டுக்களுக்கெல்லாம் அடித்தளமிட்ட ஜேமர்ஸனுக்கு மேடையில் இடமில்லை. அதிக விலை கொடுத்து வெளியாளிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு, மாடி வரிசையில் உட்கார்ந்து அவர் விழாவைப் பார்த்துவிட்டுப் போனார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதே வருஷம் ஆகஸ்டு 2-ந் தேதி, ஈரல் நோய் முற்றிக் காலமானார். வயது நாற்பத்தேழு. அதற்குச் சில நாளைக்கு முன்னால், அந்த 1962-ம் வருஷத்து வாத்தியமும் திருட்டுப் போய்விட்டது. இன்று வரை அது அகப்படவில்லை.

"ஜாக்கோவும் அப்படித்தான்" என்று ஆசிரியர் மெதுவாகச் சொன்னார். ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்பவர், கிட்டாரின் மெட்டுக்களையெல்லாம் பிடுங்கி எறிந்து, படகுக்குப் பூசும் பிசினைப் பலகைக்குப் பூசி, நம் கோட்டுவாத்தியம் போல் கமகம் வழிய வாசித்த மேதை. 1976-ல் வெளிவந்த அவருடைய முதல் தட்டு பேஸ் உலகத்தைத் தலைகீழாக்கிற்று. மனோவியாதியும் மதுவும் சேர்ந்து அவரை நடுத் தெருவுக்குக் கொண்டுவந்தன. 1987-ல் ஒரு கேளிக்கை விடுதியின் வாசலில் அடிபட்டு மாண்டார். வயது முப்பத்தைந்து.

மேஸ்திரி கையிலிருந்த கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

* * *

"நீங்கள் கொஞ்சம் வாசிக்க வேண்டும்" என்று தச்சரைக் கேட்டுக்கொண்டேன்.

அவர் சுவரில் தொங்கிய உயர்ந்த வாத்தியங்களை விட்டுவிட்டு, மேஸ்திரி அதுவரை வாசித்துக்கொண்டிருந்த கிட்டாரையே வாங்கிக்கொண்டார். திருகைத் தொடவில்லை. தந்தி உருண்டைத் தந்தி, பஞ்சும் இல்லை. ஆனால் அவர் விரல் பட்டதும் அது வேறு வாத்தியம் ஆகிவிட்டது! நாலைந்து ஸ்வரங்கள்தான். அவற்றையே திரும்பத் திரும்ப வாசித்தார். என் பாதம் தானாகத் தாளம் போட ஆரம்பித்தது. என் அக்காள் பிள்ளை பிறந்தது முதல் சங்கீதத்துக்குத் தலையாட்டி நான் பார்த்ததில்லை, அவனும் தலையாட்டினான்.

"இது எப்படி?" என்று கேட்டேன்.

"ஸ்வரம் எப்போது ஆரம்பிக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஐயா. எப்போது நிறுத்த வேண்டும் என்பதுதான் பேஸ். வலது கை மீட்டுகிறது. இடது கை விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் ஓசை நின்றுவிடும். அந்த நிற்கிற இடத்தில்தான் ஆடுகிறவன் கால் எடுத்து வைக்கிறான். பஞ்சு, தட்டைத் தந்தி, திருகு எல்லாம் நிறுத்துவதற்கு ஒத்தாசை. நிறுத்தத் தெரியாதவனுக்கு எத்தனை பஞ்சு வைத்து என்ன பிரயோஜனம்?" என்றார்.

பிறகு, நான் கேளாமலே, தம்முடைய கதையையும் சொன்னார்.

பல வருஷங்களுக்கு முன் அவர் ஒரு கலியாண கோஷ்டியில் வாசித்து வந்தார். அப்போது நன்றாகக் குடிப்பாராம். ஒரு நாள் இரவு வாசித்துவிட்டு வந்து, 'இன்று வாசித்ததைப் போல் என் ஆயுளில் வாசித்ததில்லை' என்று மனைவியிடம் சொன்னாராம். ஒரு வாரம் கழித்து, கலியாண வீட்டார் எடுத்த ஒலிப்பதிவு வந்தது. உட்கார்ந்து கேட்டார்.

"ஒவ்வொரு தட்டுக்கும் நான் தாமதமாக வந்துகொண்டிருந்தேன். அதுகூடப் பெரிதல்ல. முரசு வாசித்தவன் என் பழைய சிநேகிதன். கடிகாரம் போல் வாசிப்பவன். அவன் எனக்காகத் தாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நான் வந்து சேரும்வரை காத்துக் காத்து வாசித்திருந்தான். பார்த்தவர்கள் அவனுக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை என்று நினைத்திருப்பார்கள். அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எத்தனை இரவுகள் அப்படிச் செய்தானோ! அதைக் கேட்ட அன்றைக்கு நிறுத்தினேன்" என்றார்.

"அப்புறம் அந்த ஆசையே வருவதில்லையா?"

"ஏன் வராமல்? சனிக்கிழமைதோறும் வரும், இந்த வேளைக்குத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு, இஞ்சி சோடாவை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

மேஸ்திரி எழுந்து போய்த் தம்முடைய கிளாஸை மேஜை மேல் வைத்துவிட்டு வந்தார். அதில் பாதி மீதியிருந்தது. அவர் நிரந்தரமாக நிறுத்திவிட்டார் என்று நான் கதை கட்டப் போவதில்லை. அன்றிரவு அதற்கு மேல் குடிக்கவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அன்றிரவு அவர் கடைசியாக வாசித்தது மிகவும் நன்றாயிருந்தது என்பதும் தெரியும். இந்தத் தடவை நான் உபசாரத்துக்குச் சொல்லவில்லை.

* * *

மறுநாள் அக்காள் பிள்ளை என்னை மேற்கு கிராண்ட் பூல்வார்டில் 2648-ம் இலக்கமுள்ள வீட்டுக்கு அழைத்துப் போனான். மோட்டவுன் பிறந்த வீடு அது. 1985 முதல் காட்சிசாலையாக இருக்கிறது. நம் ஊரில் ஒரு வக்கீல் குமாஸ்தா குடியிருக்கும் வீட்டைவிடப் பெரிதல்ல. பின்புறத்திலுள்ள ஒலிப்பதிவு அறைக்கு 'பாம்புக் குழி' என்று வாத்தியக்காரர்கள் பெயர் வைத்திருந்தார்கள். அங்கேதான் ஜேமர்ஸன் முக்காலியில் உட்கார்ந்து வாசித்தார். அவருடைய கிட்டாரின் கம்பியை ஆம்பிளிபயர் கூட இல்லாமல் நேரே பதிவு யந்திரத்தில் சொருகிவிடுவார்களாம். முந்நூறு வாட்டும் அலமாரியும் எங்கே போயின, பார்த்தீர்களா?

ஜேமர்ஸனுக்குப் பிற்பாடு மரியாதைகள் வந்தன. 1989-ல் அவரைப் பற்றிப் புஸ்தகம் வெளியாயிற்று. 2000-ல் 'ராக் அண்டு ரோல்' கீர்த்தி மண்டபத்தில், பின்னணி வாத்தியக்காரர்களுக்கென்று புதிதாக ஏற்பட்ட வரிசையில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். 2002-ல் அவரையும் அவருடைய சகாக்களையும் பற்றிச் சினிமாவும் வந்தது. எல்லாம் சரிதான். அந்த மாடி வரிசை டிக்கெட்டுக்கு இவையெல்லாம் ஈடாகுமா என்பதுதான் கேள்வி.

இது ஏதோ அமெரிக்காக்காரர்களின் குறை என்று நாம் சும்மா இருந்துவிட முடியாது. 1976-ல் 'அன்னக்கிளி' வந்த நாள் முதல் இளையராஜாவின் பாட்டுக்களை நம் வீடுகளில் கேட்டு வருகிறோம். அவற்றில் பேஸ் கிட்டார் சும்மா தாளத்துக்குக் கூட நிற்பதில்லை; பாடகரின் மெட்டுக்கு அடியில் தனக்கென்று வேறொரு மெட்டை வகுத்துக்கொண்டு நடந்து செல்கிறது. பாட்டின் பெயரைச் சொன்னால் பாடியவர் யார், எழுதியவர் யார், நடித்தவர் யார் என்று நம் வீட்டுக் குழந்தை சொல்லிவிடும். அடியில் நடந்து சென்றவர் யார் என்று கேட்டால், குழந்தையின் தகப்பனாருக்கும் தெரியாது. தெரியாமல் போனதற்கு அந்தக் குழந்தையா காரணம்?

ஆகவே நேயர்களுக்கு ஒரு சிறு விண்ணப்பம். இன்று ராத்திரி உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டை வையுங்கள். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கி உதவாது. அதில் கீழ் ஒலிகள் வரமாட்டா. நல்ல ஸ்பீக்கரிலோ, காதில் மாட்டும் கருவியிலோ கேளுங்கள். ஒரு தடவை பாடகரை மறந்துவிட்டு, அடியில் நடப்பதை மாத்திரம் பின்தொடருங்கள். அந்த ஸ்வரம் எங்கே எழுகிறது, முக்கியமாக எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். பிறகு அதை வாசித்தவர் யார் என்று விசாரியுங்கள். அவர் உயிரோடிருந்தால், அவருடைய பெயரை வீட்டில் நாலு பேருக்குச் சொல்லுங்கள். காலமான பிறகு கீர்த்தி மண்டபம் கட்டுவதைவிட இது சுலபம், செலவும் இல்லை.

ஊருக்குத் திரும்பி வந்து வீட்டில் இந்தக் கதையெல்லாம் சொன்னேன். "நிறுத்தத் தெரிய வேண்டும்! சங்கீதத்திலாகட்டும், பானத்திலாகட்டும், அதுதான் ரகசியம்" என்று பிரசங்கத்தை முடித்துவிட்டு, காலி டம்ளரைச் சமையலறைப் பக்கம் நீட்டினேன்.

"அது சரி. காலையிலிருந்து இது நாலாவது காபி" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.